அம்மாவின் குட்டிப் பேனாவுக்கு ஒரு மைப்பை

கிள்ளானில் அம்மா வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. பொத்தான்கள், பூட்டு தொலைந்துபோன சாவிகள், வெளிநாட்டு நாணயங்கள், ஓடாத கைக்கடிகாரம் எல்லாம் அதற்குள்தான். சென்ற தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அதைத் தரையில் கொட்டினேன். பொத்தான்களுக்கு நடுவே இரண்டு மைப் பேனாக்கள் உருண்டு வந்தன. இரண்டும் குட்டை. மூடியோடு சேர்த்தே 12 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒன்று கறுப்பு, இன்னொன்று கருஞ்சிவப்பு.

"கறுப்பு என்னுது. செவப்பு அப்பாவோடது" என்றார் அம்மா. தரையில் உட்கார்ந்திருந்த என் கையிலிருந்து கறுப்பை வாங்கி, மூடியைக் கழற்றி, பின்புறம் செருகினார். அந்த நொடியில் குட்டைப் பேனா முழுநீளப் பேனாவாகிவிட்டது. உடம்பு குட்டை, மூடி நீளம். மூடியைப் பின்னால் மாட்டினால்தான் கைக்கு அடங்கும் அளவு வரும். மடக்குக் குடை மாதிரி.

அம்மா அரசாங்க மருத்துவமனையில் மிஸ்ஸியாக இருந்தவர். சீருடைப் பையில் கத்தரி, காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் எல்லாம் இருக்கும். நீளப் பேனா வைத்தால் நோயாளியைத் தூக்கும்போது குத்தும், இல்லாவிட்டால் குனிந்தால் விழும். கப்பலில் வேலை பார்த்த பெரிய மாமா யோகோஹாமாவிலிருந்து இந்தக் குட்டியை வாங்கி வந்து தந்தாராம். பத்துப் பதினைந்து வருடம் எழுதியிருக்கிறார். பிறகு பந்துமுனைப் பேனா மலிந்துவிட்டது, இது மைலோ டின்னுக்குள் போய்விட்டது.

இத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. ஆனால் அம்மாவுக்கு ஒரு தேவை இருந்தது. அக்கா மகள் படிக்கக் கோத்தா கினபாலு போகப் போகிறாள். அவளுக்கு வீட்டுச் சமையலையெல்லாம் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருந்தார். மூன்று பக்கம் எழுதியதோடு நின்றுபோயிருந்தது. விரல் மூட்டுகளில் வாதம். பந்துமுனைப் பேனாவில் மை கெட்டியான பசை மாதிரி இருக்கும்; முனையிலுள்ள குண்டு உருண்டால்தான் மை வரும்; உருள வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். அரைப் பக்கத்துக்குள் அம்மாவின் கட்டைவிரல் வலிக்கத் தொடங்கிவிடும். மைப் பேனாவுக்கு அழுத்தமே வேண்டாம். தாளை நிப்பு தொட்டால் போதும், மை தானாக இறங்கும். "போனில் பேசி அனுப்பிடலாமே, நானே டைப் பண்ணித் தரேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "அது உன் எழுத்து. என் எழுத்து இல்லையே" என்றார். பேச்சை வைத்தே பிழைக்கும் அறிவிப்பாளர் நான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆக, வேலை இதுதான்: கறுப்புப் பேனாவை எழுத வைக்க வேண்டும். அதுவும் புத்தகம் முடியும்வரை, அம்மாவே மை நிரப்பிக்கொள்ளும்படி.

முக்கால் தங்கம்

கறுப்புப் பேனாவின் கழுத்தைத் தண்ணீரில் போட்டேன். ஐம்பது வருடத்து மை நீலமாகப் புகைந்து வெளியே வந்தது. சுத்தமான பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நிப்பின் மேல் பைலட் என்ற பெயர், 18 காரட் முத்திரை, அடியில் ஓர் ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கங்களும். ஹெச் 674. ஹெச் என்றால் ஹிராட்சுகா தொழிற்சாலை. மீதி 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம். பேனாவுக்குப் பிறப்புச் சான்றிதழை நெற்றியிலேயே ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவிடம் 18 காரட் என்றேன். 24இல் 18, அதாவது முக்கால் பங்கு தங்கம். "அட, இத்தனை நாள் தெரியாம போச்சே. அடகு வச்சிருக்கலாம்" என்றார்.

இந்தக் குட்டைப் பேனாக்கள் ஜப்பானின் 1960, 70களின் குழந்தைகள். செய்லர், பைலட், பிளாட்டினம் என்ற மூன்று பெரிய நிறுவனங்களும் போட்டி போட்டுக்கொண்டு செய்தன. நிப்பில் எத்தனை காரட் என்பதிலும் போட்டி. 18இல் தொடங்கியது 21, 22 என்று ஏறி 23 வரை போனது. எழுதுவதற்கு அதனால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. தங்கம் கூடக் கூட நிப்பு மென்மையாகும், அவ்வளவுதான். ஆனால் விளம்பரத்துக்கு நல்ல எண்.

விளம்பரம் என்றதும் நினைவுக்கு வருவது, வானொலிக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய ஒரு கதை. பைலட் 1968இல் எலைட் எஸ் என்ற குட்டைப் பேனாவை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதன் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஓஹாஷி கியோசென் என்ற பிரபல தொகுப்பாளர் தோன்றினார். ஜப்பானியர்களின் 31 அசைக் குறுங்கவிதை வடிவத்தில், ஆனால் ஒரு சொல்லுக்கும் பொருளே இல்லாமல், ஏதோ உளறினார். பேனா, மூடி, எழுதுவது என்று நினைவூட்டும் ஒலிகள் மட்டும் அதில் இருந்தன. நாடே அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. பேனா பிய்த்துக்கொண்டு போனது. நாங்கள் 30 விநாடி விளம்பரத்துக்கு எத்தனை முறை எழுதி எழுதித் திருத்துகிறோம்!

பைலட்டுக்கு நம் பக்கத்தோடு உறவு அதைவிடப் பழையது. 1918இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1926இலேயே லண்டன், நியூயார்க், ஷாங்காயோடு சிங்கப்பூரிலும் அலுவலகம் திறந்தது. மலாயாவில் பேனா வாங்கும் கூட்டம் அப்போதே இருந்தது என்றுதானே பொருள்? தோட்டத்தில் கிராணி, ரயில்வேயில் கிராணி, நீதிமன்றத்தில் கிராணி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டு, இன்று இடிக்கப்பட்டுவிட்ட நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியிருந்தவர்களின் சட்டைப்பையைப் பழைய படங்களில் கவனித்துப் பாருங்கள். பேனாவின் கிளிப் மின்னும். எழுதத் தெரிந்தவர் என்பதற்கு அது தோள்பட்டை நட்சத்திரம்.

நான் உடைத்தது

இனி என் குற்றம். அம்மாவின் பேனாவில் கை வைக்கப் பயந்து, முதலில் அப்பாவுடையதில் பழகலாம் என்று முடிவெடுத்தேன். அது பிளாட்டினம். ஜப்பானில் முதல் கார்ட்ரிட்ஜ் பேனாவை 1957இல் கொண்டுவந்த நிறுவனம் அது.

கார்ட்ரிட்ஜ் என்பது மை அடைத்த பிளாஸ்டிக் குப்பி. தீர்ந்தால் தூக்கிப் போட்டு வேறு செருகுவது. கன்வெர்ட்டர் என்பது அதே இடத்தில் செருகும் சின்ன உறிஞ்சு கருவி. அதை மாட்டிவிட்டால் மைப் புட்டியில் நிப்பை முக்கி நிரப்பிக்கொள்ளலாம். குப்பி வாங்க அலைய வேண்டாம், எந்த நிற மையும் போடலாம், செலவும் குறைவு.

இங்கே இரண்டு தடைகள் உண்டு. முதலாவது வாய். ஐரோப்பியப் பேனாக்கள் பலவற்றுக்குப் பொதுவான ஒரே அளவு வாய் இருக்கிறது. ஜப்பானியர்கள் அப்படி இல்லை. பைலட்டுடையது பிளாட்டினத்தில் சேராது, பிளாட்டினத்துடையது செய்லரில் சேராது. பார்க்கர், ஷேஃபர், லாமி எல்லாருக்கும் தனித்தனி. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டு, பிளாட்டினம் கன்வெர்ட்டரையே சரியாக வாங்கினேன். கழுத்தில் செருகினால் கச்சிதமாக உட்கார்ந்தது. பெருமையாக இருந்தது.

இரண்டாவது தடை நீளம். அதை நான் யோசிக்கவே இல்லை. குட்டைப் பேனாவின் உடம்பு கார்ட்ரிட்ஜின் அளவுக்கே அளந்து செய்தது. கடைசியில் விரல்நகம் அளவு இடம்கூட மிச்சம் இருக்காது. இன்றைய கன்வெர்ட்டர்கள் முழுநீளப் பேனாவுக்குச் செய்தவை, பின்னால் திருகு குமிழ் வேறு. உடம்பைத் திருகினேன். கடைசி இரண்டு சுற்றுக்கு இறுக்கமாக இருந்தது. பழசு, கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு திருகு. 'டிக்' என்று ஒரு சத்தம். மெல்லிய சத்தம்தான். கழுத்தின் மரையில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கீறல், மேலிருந்து கீழ்வரை.

அப்பா போய் ஆறு வருடம். அந்தப் பேனாவால்தான் என் மாணவர் அறிக்கை அட்டையில் கையெழுத்துப் போடுவார். இரண்டு நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன். "சரி விடு. அவரே அதை எத்தனை வாட்டி கீழே போட்டிருப்பாரு தெரியுமா?" என்றார். பிறகு பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

சத்தே குச்சி

என் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், இரண்டு மாடி மேலே, ரயில்வேயில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. எண்பதைத் தாண்டியும் பேச்சில் ஊர் மணம் போகவில்லை. மின்தூக்கியில் அவர் சட்டைப்பையில் இரண்டு பேனாக்களைப் பார்த்திருக்கிறேன். கீறல் விழுந்த பேனாவை எடுத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பிள்ளை, பேனாவில ஒரு பிழையும் இல்லை. உம்மட அவசரத்திலதான் பிழை" என்றார். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு சத்தே குச்சியைக் கொண்டுவந்தார். பேனா உடம்புக்குள் குச்சியை விட்டு, அடி தட்டும் இடத்தில் நகத்தால் பிடித்து, வெளியே எடுத்துப் பென்சிலால் ஒரு கோடு. கன்வெர்ட்டரைக் கழுத்தில் செருகி, மரையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை அதே குச்சியில் வைத்து இன்னொரு கோடு. இரண்டாவது கோடு முதல் கோட்டைத் தாண்டிப் போனது, சுண்டு விரல் அகலத்துக்கு. "உதைத்தான் முதல்லயே பாத்திருக்க வேணும். குச்சிக்குக் காசு எவ்வளவு?"

குச்சிக்குக் காசு இல்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு குட்டைப் பேனா இருந்தால், வேறு எதையும் வாங்குவதற்கு முன் இந்த அளவை எடுத்துவிடுங்கள். கன்வெர்ட்டரின் நீளம் உடம்பின் ஆழத்தைவிட ஒரு மில்லிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். உடம்பைத் திருகும்போது எந்த இடத்திலாவது இறுகினால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

அளந்த பிறகு முன்னால் இருப்பவை சில வழிகள்தான். சுலபமானது, கன்வெர்ட்டரையே மறந்துவிட்டு, காலியான கார்ட்ரிட்ஜைக் கழுவி, முனை மழுங்கிய ஊசிக்குழாயால் மையைத் திரும்பத் திரும்ப நிரப்புவது. பைலட் குப்பி 0.9 மில்லிலிட்டர் மை பிடிக்கும். எந்தக் குட்டிக் கன்வெர்ட்டரையும்விட அதிகம். பழைய பிளாட்டினத்துக்கும் செய்லருக்கும் இதுவே நல்ல வழி, இன்றைய குப்பிகளே அவற்றில் சேர்ந்துவிடும். பிளாட்டினம் குப்பிக்குள் ஒரு சின்ன எஃகுக் குண்டு இருக்கும், அதை வெளியே எடுத்துவிடாதீர்கள். வாய் தளர்ந்து கசிய ஆரம்பித்தால் குப்பியை மாற்ற வேண்டும். அங்கிளும் தன் பேனாக்களில் இதைத்தான் செய்கிறார். ஆனால் அம்மா ஊசிக்குழாயைப் பிடித்து, குண்டூசித் தலை அளவு வாய்க்குள் குறிபார்த்து இறக்க அவர் விரல் ஒத்துழைக்காது. முப்பது வருடம் ஊசி போட்ட கை என்பது வேறு விஷயம்.

உடம்பிலேயே மையை ஊற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் திருவள்ளூரில் கடைசல் போட்டுச் செய்யும் எபோனைட் பேனாக்களில் அப்படித்தான் சொட்டுக்குழாயால் ஊற்றுவார்கள். காந்திக்குச் சுதேசிப் பேனா செய்துகொடுத்த ராஜமுந்திரி ரத்தினத்தின் பேனாவும் அந்த வகை. அதற்கென்றே தடித்த உடம்போடு செய்தவை அவை. ஜப்பானியக் குட்டைப் பேனாவில் உடம்பு மெலிது, பல இடங்களில் உலோகம் சேர்ந்திருக்கும். மை உலோகத்தை அரிக்கும், மரை வழியாகக் கசியும். வேண்டாம்.

அம்மாவுடைய பைலட்டுக்கு நிலைமை கொஞ்சம் நல்லது. பைலட் விற்கும் கான்-40 என்ற கன்வெர்ட்டர் குட்டை; இந்த வகை எலைட் பேனாக்கள் பெரும்பாலானவற்றில் அடங்கிவிடும். குச்சியால் அளந்தேன். அடங்கும். முப்பது வெள்ளிக்கும் குறைவாகத்தான் வந்தது. மாட்டினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருகினேன், ஒரு இறுக்கமும் இல்லாமல் உட்கார்ந்தது. சனிக்கிழமை கேடிஎம் கொமுட்டரில் கிள்ளானுக்குப் போகும்போது சட்டைப்பையை நான்கு முறை தொட்டுப் பார்த்திருப்பேன்.

பேனா அருமையாக எழுதியது. அம்மா முதலில் எழுதியது தன் பெயர், பிறகு என் பெயர், பிறகு பருப்பு ரசம். எழுத்து கொஞ்சம் நடுங்கியது, ஆனால் விரல் வலிக்கவில்லை. மறுவாரம் போனால் நோட்டுப் புத்தகத்தில் இரண்டே பக்கம் கூடியிருந்தது. மை தீர்ந்துவிட்டதாம். கான்-40 பிடிப்பது 0.4 மில்லிலிட்டர், குப்பியில் பாதிகூட இல்லை. அதிலும் காற்று மாட்டிக்கொண்டு முழுதாக நிரம்பாது. குறுகிய குழாயில் மை மேலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளே சின்ன உலோகக் குண்டுகளைப் போட்டிருக்கிறார்கள். அது பரவாயில்லை, திரும்ப நிரப்பினால் ஆச்சு. ஆனால் அதன் திருகு குமிழ் மிளகைவிடச் சற்றுப் பெரிது. அம்மாவால் அதைத் திருக முடியவில்லை. இரண்டு விரலும் வழுக்குகின்றன, வலிக்கிறது. மகள் வரட்டும் என்று மூடி வைத்துவிட்டார். ஏழு நாள். கோத்தா கினபாலுக்கு இன்னும் ஏழு வாரம்.

ரப்பர் வாசம்

கதையைக் கேட்ட அங்கிள், "பழைய அமுக்கிற கன்வெர்ட்டர் ஒண்டும் இல்லையோ அதோட?" என்றார். இருந்தது! மைலோ டின்னில், ஏதோ உடைந்த பேனாவின் பாகம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ஓர் உலோகக் கூடு. நடுவில் ஒரு பக்கம் திறந்து, ஒரு தகடு. தகட்டை அமுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் பை சுருங்கும், விட்டால் விரிந்து மையை உறிஞ்சும். முன்பு பைலட் இப்படித்தான் கன்வெர்ட்டர் செய்தது. இப்போது அந்த வகை தயாரிப்பில் இல்லை. திருக வேண்டியதில்லை, அமுக்கினால் போதும். அமுக்குவதற்கு நுனிவிரல்கூட வேண்டாம், விரல் மடிப்பால் அழுத்தலாம். அம்மாவுக்கு வேண்டியது அதுதான்.

உள்ளே பை கல்லாகிப் போயிருந்தது. அமுக்கியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

பையை மாற்றலாம் என்றார் அங்கிள். ஆனால் முதலில் வேறு எதிலாவது பழகு, இன்னொன்றையும் உடைக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார். பழக ஏற்ற பேனா சீனத்து ஹீரோ 616. நம்மில் பலருடைய பெற்றோர் பள்ளியில் எழுதியது. பார்க்கர் 51ஐப் பார்த்துச் செய்த வடிவம். அதிலும் உலோகக் கூட்டுக்குள் அமுக்குப் பைதான். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழம்பொருள் சந்தையில் இரண்டு ஹீரோ வாங்கினேன். ஒன்றில் கற்றேன், ஒன்றைக் கெடுத்தேன். கணக்கு சரி.

பை மாற்றும் முறையைச் சொல்கிறேன், அவசரப்படாதவர்கள் மட்டும் செய்யுங்கள். கூட்டை மெல்ல ஆட்டி ஆட்டிக் கழற்ற வேண்டும். வராவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் கோணிவிடும். உள்ளே பை ஒட்டியிருக்கும் குட்டையான குழல்முனை தெரியும். பழைய ரப்பரை மழுங்கிய கத்தியால் ஒரு துணுக்கு விடாமல் சுரண்ட வேண்டும். துணுக்கு இருந்தால் அங்கேதான் கசியும். மைப்பைகளுக்கு எண் உண்டு. அந்த எண், விட்டத்தை ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்காகச் சொல்வது. 16ஆம் எண் என்றால் கால் அங்குலம். கூட்டுக்குள் தளர்வாக நுழையும் அளவைத்தான் எடுக்க வேண்டும், பெரிய பைக்கு ஆசைப்பட்டால் அது கூட்டில் உரசி மடங்கும். நீளத்தைக் கூட்டைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக வெட்டி, குழல்முனையில் அரக்குக் கரைசலை ஒரு பூச்சு பூசி, பையை ஏற்றி, நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஓர் இரவு தொடாமல் விட வேண்டும். அரக்குதான். சூப்பர் குளூ வேண்டாம். அரக்கை என்றைக்காவது சூடு காட்டிக் கழற்றலாம், மற்றது கழலாது. ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் இந்தப் பையை மாற்ற வேண்டி வரும். பிறகு கொஞ்சம் டால்க் தூளைப் பையின் மேல் தடவிக் கூட்டை மாட்டினால் முடிந்தது.

கடைசி வேலையைக் கிள்ளானில் அம்மாவின் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்தேன். பையை வெட்டும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டை எடுத்து மூக்கில் வைத்தார். இழுத்துப் பார்த்தார். "இது பால்மரத்து ரப்பர்லா" என்றார்.

ஆமாம், லேடெக்ஸ்தான். பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் மங்கு கழுவிக் கொடுக்க அம்மாவும் கூடப் போவாராம், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால். எனக்கு அப்போதுதான் உறைத்தது. 1920, 30களில் உலகத்து இயற்கை ரப்பரில் பாதியளவு மலாயாவிலிருந்து போனது. அந்தக் காலத்து மைப் பேனாவின் பை ரப்பர். முந்தைய தலைமுறைப் பேனாக்களின் உடம்பே கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், எபோனைட். பால் வெட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதத் தெரியாது. சம்பள நாளில் கிராணியின் மேசைக்கு முன்னால் நின்று கைநாட்டு வைத்தார்கள். கிராணியின் பேனாவுக்குள் இருந்த பை எந்த மரத்துப் பாலோ! பாட்டியின் கைநாட்டு போட்ட ஒரு பழைய காகிதம் இன்னும் அம்மாவிடம் இருக்கிறது. அம்மா அதை எடுத்து வரவில்லை, நானும் கேட்கவில்லை. வெங்காயத்தை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை அரக்கு காய்ந்திருந்தது. முதலில் தண்ணீரில் சோதித்தோம், கசிவு இல்லை. பிறகு குயிங்க் புட்டி. பழைய பேனாவுக்குச் சாதாரணச் சாய மைதான் போட வேண்டும். மினுமினுக்கும் துகள் கலந்த மையும், ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கும் உள்ளே உறைந்து நாக்கின் நுண்கால்வாய்களை அடைத்துவிடும். கழுத்துவரை முக்கி, தகட்டை அமுக்கி, விட்டு, ஐந்து எண்ணி, மறுபடி ஒரு தடவை. அம்மா ஆள்காட்டி விரலின் நடு மடிப்பால் அமுக்கினார். புட்டிக்குள் குமிழிகள் வந்தன. துணியில் நிப்பைத் துடைத்து, மூடியைப் பின்னால் மாட்டி, எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போய் டிவி பாரு, பக்கத்துல நிக்காத" என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று வெளியே தெரியாது. லேடெக்ஸ் நம் ஊர் வெப்பத்துக்குக் காலப்போக்கில் பிசுபிசுக்கும், சில வருடங்களில் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். நோட்டுப் புத்தகத்தின் தாளும் மட்டம். மை ஊறிப் பின்பக்கம் தெரிந்தது. அம்மா அதை ஓரம்கட்டிவிட்டுத் தடித்த தாள் உள்ள வேறொன்றை வாங்கி, எழுதியதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து எழுதினார். இது எங்கள் கணக்கில் இல்லாத வேலை. நான் பதறினேன், அவர் பதறவில்லை.

அப்பாவின் பிளாட்டினத்தை அங்கிள் வாங்கி வைத்திருக்கிறார். கீறல் மேலும் ஓடாமல் இருக்க மரைக்குக் கீழே மெல்லிய வெள்ளி வளையம் ஒன்று போட முடியுமா என்று யோசிக்கிறார். மஸ்ஜித் இந்தியாவில் தெரிந்த பத்தர் ஒருவர் உண்டாம். முடியாமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சரி என்றேன்.

அக்கா மகள் போன மாதம் கிளம்பினாள். நோட்டுப் புத்தகத்தில் 63 சமையல். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரின் பின் இருக்கையில் அதைப் புரட்டிக்கொண்டே வந்தவள், "பாட்டி, மீன் தலைக் கறி மட்டும் ஏன் பாதி கறுப்பு, பாதி நீலம்?" என்று கேட்டாள். புளி கரைக்கும் இடத்தில் மை தீர்ந்துவிட்டது, கைக்கு எட்டிய புட்டியை எடுத்து நிரப்பிக்கொண்டேன் என்றார் அம்மா. "நீலத்துல இருக்கறதுதான் முக்கியம், அங்கதான் உப்பு அளவு எழுதியிருக்கேன்."